பாறை நீரும் மெல்லிய சவ்வும்

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் நுழையும் எல்லையில் அமைந்துள்ள ஜூஜுவாடி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள பாறை மேட்டுநிலத்தின் ஒரு பகுதியாகும். காவிரிப் படுகையின் மணலோ கடலோரச் சமவெளியின் தடித்த வண்டலோ இங்கே கிடையாது. சில மீட்டர் செம்மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே கிரானைட்டும், நைஸ் எனப்படும் வரிப்பாறையும் பரவிக் கிடக்க, அவற்றின் விரிசல்களில் தேங்கிய நீரே இப்பகுதியின் நிலத்தடி நீராக உள்ளது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்து, அதைச் சார்ந்து சிறு தொழிற்கூடங்களும் வாடகைக் குடியிருப்புகளும் எல்லைவரை நெருங்கி வளர்ந்தபோது, முன்பு திறந்த கிணறுகளால் நிறைவடைந்த தேவையைப் பல நூறு அடி ஆழமுள்ள ஆழ்துளைக் கிணறுகள் ஏற்றுக்கொண்டன. ஆழம் கூடியதோடு நீரின் வேதியியலும் மாறியது. வீட்டுக்கு வீடு எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி, அதாவது மக்கள் வழக்கில் ஆர்.ஓ., சுவரில் தொங்கும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை அந்த வேதியியலிலிருந்தே தொடங்கிப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிரானைட்டிலும் நைஸிலும் பயோட்டைட் என்னும் கருநிற மைக்காவும், ஹார்ன்பிளெண்டும், அபடைட்டும் கலந்திருக்கின்றன. இக்கனிமங்களின் படிகக் கட்டமைப்பில் ஹைட்ராக்சில் அயனி அமர வேண்டிய சில இடங்களில், ஏறக்குறைய அதே அளவும் அதே மின்சுமையும் கொண்ட ஃபுளோரைடு அயனி அமர்ந்திருக்கும். விரிசல்களில் நெடுங்காலம் தங்கிக் காரத்தன்மை பெற்ற நீர் இக்கனிமங்களைத் தொடும்போது, நீரிலுள்ள ஹைட்ராக்சில் உள்ளே சென்று ஃபுளோரைடை வெளியேற்றுகிறது. நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால், வெளியேறிய ஃபுளோரைடு அதனுடன் சேர்ந்து கரையாத கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். ஆனால் கால்சியம் ஏற்கெனவே சுண்ணாம்புப் படிவாக மண்ணில் தங்கிவிட, சோடியமும் பைகார்பனேட்டும் மட்டும் மிகுந்த நீராக இருந்தால், ஃபுளோரைடைக் கட்டிப்போட எதுவும் இல்லாமல் அது கரைந்தே நிற்கும். இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவை உண்டாக்கி, சோப்பு நுரைக்கவிடாமல் செய்யும் கடின நீரை மக்கள் ‘உப்புத் தண்ணீர்’ என்று ஒதுக்குகின்றனர். நன்றாக நுரைக்கும், நாவுக்கு இதமான மென்னீரை நல்ல தண்ணீர் என்று நம்புகின்றனர். ஃபுளோரைடு அந்த இரண்டாவது வகையில் மிகுந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதும், அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை என்பதும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நீர்ச் சிக்கலை ஏனைய இடங்களின் சிக்கல்களிலிருந்து வேறுபடுத்துகின்றன.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு) ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 மில்லிகிராமை மேல்வரம்பாகவும் வகுத்துள்ளது. இவ்வரம்பைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து அருந்தும் குழந்தைகளின் நிலைப்பற்கள், அவை ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே எனாமல் குறைபட்டு, முளைக்கும்போது வெண்திட்டுகளோடும் பழுப்புக் கறைகளோடும் முளைக்கின்றன. செறிவு இன்னும் கூடி, ஆண்டுகளும் கூடும்போது எலும்புகளும் தசைநார்களும் இறுகி, முதுகையும் மூட்டுகளையும் வளைக்க இயலாத நிலை ஏற்படுகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக மருத்துவ ஆய்விதழ்களில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்துதான். பல்லில் ஏறிய கறையும் எலும்பில் ஏற்பட்ட இறுக்கமும் சிகிச்சையால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதால், தடுப்பு ஒன்றே வழி. தடுப்பு என்பதோ நீரை மாற்றுவது அல்லது நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்குவது.

நீரை மாற்றும் வழியை அரசு மேற்கொண்டது. ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்று நோயின் பெயரையே தாங்கிய திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டு, 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013 மே மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரைச் சுத்திகரித்து, ஆற்றைவிடப் பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் மேட்டுநிலம்வரை கட்டம் கட்டமாக மேலேற்றி அனுப்பும் இத்திட்டம், பாறைக்குள் தங்கியிராத ஆற்று நீரைத் தருவதால், ஃபுளோரைடுச் சிக்கலுக்கு வேரிலேயே தீர்வு சொல்கிறது. தமிழ்நாட்டின் பொது நலப் பணிகளுள் மிகுந்த மதிப்புக்குரியவற்றில் இதனைச் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை. எனினும் குழாய்க்கு ஆற்று நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இயங்குகிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கப்படுகிறது. குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் தனியாக வருகிறது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்நீர் வகைகள் ஒரே நிலத்தடித் தொட்டியில், அதாவது ‘சம்ப்’பில் கலந்து, மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. எந்த நாளில் எந்த நீர் எந்த விகிதத்தில் கலந்தது என்பது குழாயைத் திறப்பவருக்குத் தெரியாது. நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் இரண்டாவது வழி வீட்டுக்குள் நுழைந்தது இந்த இடைவெளியின் வழியாகத்தான்.

காய்ச்சினால் நுண்ணுயிர்கள் அழியும்; ஃபுளோரைடு அழியாது. மாறாக, நீர் ஆவியாகி அளவு குறைவதால் எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடும். புறஊதா விளக்குக்கும், வண்டலைப் பிடிக்கும் வடிகட்டிக்கும், கரித்தூள் நிரப்பிய குப்பிக்கும் கரைந்த அயனிகள் மீது பிடிமானம் இல்லை. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறை படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கலக்கி, உருவாகும் படிவோடு ஃபுளோரைடைப் பிரிக்கிறது. கிளர்வூட்டிய அலுமினா என்னும் துகள்கள் அதைத் தம் மேற்பரப்பில் ஈர்த்துக்கொள்கின்றன. இரண்டும் மெய்யாகவே பயன்படும் முறைகள். ஆனால் ஒவ்வொரு நாளும் அளந்து கலக்கும் உழைப்பையோ, துகள்களைக் காலந்தோறும் புதுப்பிக்கும் கவனத்தையோ அவை கேட்கின்றன. அந்த உழைப்பைக் கேட்காமல் ஃபுளோரைடைப் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீக்கும் திறனே எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு இம்மண்ணில் உள்ள உண்மையான நியாயமாகும்.

சவ்வூடு பரவல் என்பது, நீரை விட்டுக் கரைபொருளைத் தடுக்கும் ஒரு சவ்வின் இரு பக்கங்களிலும் செறிவு வேறுபட்டால், நீர் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குத் தானாகவே நகர்வதைக் குறிக்கும். பிரெஞ்சு இயற்பியலர் ழான் அந்துவான் நொலே 1748இல், சாராயம் நிரப்பி விலங்கின் சவ்வுப்பையால் மூடிய கலத்தை நீரில் அமிழ்த்தி, நீர் உள்ளே புகுந்து சவ்வு புடைப்பதைக் கண்டு எழுதினார். அவ்வாறு புகும் நீரைத் தடுத்து நிறுத்தத் தேவையான அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம்; அதைக் கரைசலின் செறிவோடும் வெப்பநிலையோடும் 1880களில் கணித முறையில் இணைத்த வான்ட் ஹாஃப், வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றார். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கரைந்த கிணற்று நீருக்கு இவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் முக்கால் பங்குக்கு அருகிலும், கடல் நீருக்கு ஏறத்தாழ 27 மடங்காகவும் இருக்கும். கரைசலின் பக்கத்தில் இதைவிட மிகுந்த அழுத்தத்தைச் செலுத்தினால் நீர் தன் இயல்புக்கு எதிர்த் திசையில், உப்பை விட்டுவிட்டு வெளியேறும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மிக உயர்ந்த அழுத்தத்தில் இயங்க, ஜூஜுவாடி வீட்டின் சமையலறைக் கருவி நான்கு முதல் ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தரும் சிறு பம்பு ஒன்றோடு நிறைவடைவதற்கு இவ்வேறுபாடே காரணம்.

கொள்கை எளிது, தக்க சவ்வைக் கண்டடைவதுதான் இருநூறு ஆண்டுகள் கைகூடாமல் இருந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீடும் பிரெட்டனும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பை நன்றாகத் தடுக்கிறது என்று 1950களின் இறுதியில் காட்டினர். ஆனால் அதன் வழியே கசிந்த நீர் பயன்பாட்டுக்கு எட்டாத அளவே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அதே பொருளை வேறு விதமாகக் கையாண்டனர். ஒரு படலத்தின் ஒரு முகம் உப்பு நீரை நோக்கியிருந்தால் அது வேலை செய்வதையும், திருப்பிப் போட்டால் தோற்பதையும் கவனித்த அவர்கள், இரு முகங்களும் ஒன்றுபோல் இல்லை என்பதை உணர்ந்து, ஒரு பக்கம் மிக மெல்லிய அடர்ந்த தோலும் அதன் கீழே நுண்துளைகள் நிறைந்த தாங்கியும் கொண்ட சமச்சீரற்ற சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினர். உப்பைத் தடுக்க அடர்த்தி வேண்டும், நீரை விட மெல்லியதாக இருக்க வேண்டும் என்னும் இரண்டு கோரிக்கைகளையும் ஒரே படலம் நிறைவேற்றியதால், நீரின் ஓட்டம் பன்மடங்கு பெருகியது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில், உவர்ப்பான கிணற்று நீரை இம்முறையில் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. உள்நாட்டு உவர் கிணறு ஒன்றில்தான் இத்தொழில்நுட்பம் முதலில் நடைமுறைக்கு வந்தது என்பது, இதனைக் கடல் நீரோடு மட்டும் சேர்த்து எண்ணுவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

இன்றைய வீட்டுக் கருவியிலுள்ள சவ்வு, 1970களில் அமெரிக்க வேதியியலர் ஜான் கடோட்டி உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. நெய்யாத பாலியஸ்டர் துணி அடியிலும், நுண்துளைகள் கொண்ட பாலிசல்ஃபோன் அதன் மேலும் இருக்க, உச்சியில் 100 முதல் 200 நானோமீட்டர் தடிப்புள்ள பாலிஅமைடு படலம் படிந்திருக்கிறது. அது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. உப்பைத் தடுக்கும் வேலை முழுவதும் இந்த உச்சிப் படலத்துக்குரியது. இவ்வகைத் தாள்கள், இடையிடையே வலைகள் வைக்கப்பட்டு, பாயைச் சுருட்டுவது போல ஒரு நடுக்குழாயைச் சுற்றிச் சுருட்டப்படுகின்றன. சவ்வைக் கடந்த நீர் சுருள்வழியே நடுக்குழாயை அடைய, கடக்காத நீர் உப்புகளைச் சுமந்துகொண்டு மறுமுனையில் வெளியேறுகிறது.

நீர் மூலக்கூறு இப்படலத்தைக் கடப்பது எவ்வாறு என்னும் வினா இன்னும் அறிஞர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. 1960களிலிருந்து பாடநூல்கள் ஏற்றுக்கொண்ட விளக்கத்தின்படி, நீர் பாலிமருக்குள் கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாகப் பரவி மறுபக்கம் சேர்கிறது. அயனிகள் அவ்வாறு கரைய விரும்பாததால் பின்தங்குகின்றன. சௌரிராஜனோ, சவ்வின் மேற்பரப்பு நீரை விரும்பி ஈர்க்க, அந்நீர் நுண்துளைகள் வழியே பாய்கிறது என்று வாதிட்டவர். யேல் பல்கலைக்கழகத்தின் மெனாகெம் எலிமெலெக் குழுவினர் 2023இல், அழுத்த வேறுபாடு நீரைத் துளைகள் வழியே தள்ளுகிறது என்னும் முடிவுக்குச் சான்றுகளை முன்வைத்து, நீண்டகாலம் ஒதுக்கப்பட்டிருந்த துளைப் பாய்ச்சல் கருத்துக்கு மீண்டும் வலுவூட்டியுள்ளனர். நாள்தோறும் கோடிக்கணக்கான வீடுகளில் இயங்கும் ஒரு கருவியின் அடிப்படை இன்றும் ஆய்வுக்குரியதாக இருப்பது அறிவியலின் பெருமைகளுள் ஒன்று. ஃபுளோரைடைப் பொறுத்தவரை இரு விளக்கங்களும் ஒன்றுபடுகின்றன: அவ்வயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் அதன் நடைமுறை உருவம் பெரியது, எதிர்மின்சுமை உடையதால் சவ்வின் எதிர்மின்சுமை அதை விலக்குகிறது.

சவ்வுக்கு முன்னுள்ள குப்பிகளைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். பஞ்சு வடிகட்டி வண்டலைத் தடுக்கிறது. கரிக்குப்பி குளோரினை உறிஞ்சுகிறது. இரண்டாவது குப்பியைப் புறக்கணித்தால், நகராட்சி நீரிலுள்ள குளோரின் பாலிஅமைடைச் சிதைத்து, சவ்வு உப்பைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும். சவ்வின் ஓட்டம் 25 டிகிரி செல்சியஸில் அளந்து குறிக்கப்படுவதாலும், வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஓட்டம் குறைவதாலும், ஓசூரின் மார்கழிக் குளிரில் கருவி மெதுவாக நிரம்புவது பழுதின் அறிகுறியாக வேண்டியதில்லை.

விற்பனையாளரும் பழுது பார்ப்பவரும் வீட்டாரும் ஒருங்கே நம்பும் எண் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் அளவு. பேனா வடிவில் கிடைக்கும் அளவி, உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. அதை ஒரு மாறிலியால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. எந்த அயனி எவ்வளவு என்று அது பிரித்தறியாது. 400 காட்டும் நீரில் ஃபுளோரைடு 2 மில்லிகிராம் இருக்கலாம். 1,200 காட்டும் நீரில் அரை மில்லிகிராமே இருக்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில், டி.டி.எஸ். 500க்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டபோது, நீர் வீணாவதைக் குறைக்கும் அதன் நோக்கம் நியாயமானதே; ஆயினும் ஃபுளோரைடு நிலத்தில் அந்த ஒற்றை எண்ணை எல்லைக்கோடாக்குவது பொருந்தாது. இங்கே முதலில் அளக்க வேண்டியது ஃபுளோரைடை.

இந்த எண்ணின் மீதுள்ள நம்பிக்கை இன்னும் நேரடியான தீங்கையும் விளைவிக்கிறது. பல கருவிகளில் ‘டி.டி.எஸ். கண்ட்ரோலர்’ என்னும் சிறு வால்வு உள்ளது. சவ்வைக் கடந்த நீரின் சுவை சப்பென்று இருப்பதாலும், கால்சியமும் மக்னீசியமும் நீங்கிவிட்டதாலும், சவ்வைக் கடக்காத நீரில் ஒரு பங்கை அது தூய நீரோடு கலந்து விடுகிறது. டி.டி.எஸ். 900உம் ஃபுளோரைடு 2.5 மில்லிகிராமும் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் கருதுவோம். சவ்வு அதை டி.டி.எஸ். 60ஆகவும் ஃபுளோரைடு 0.15ஆகவும் குறைக்கிறது. சுவைக்காக 400 வரை வால்வைத் திறந்தால், கலவையில் ஐந்தில் இரண்டு பங்கு சவ்வைக் கடக்காத நீராகிறது. அப்போது குடிநீரின் ஃபுளோரைடு 1.1 மில்லிகிராமுக்கு அருகே ஏறி, ஏற்கத்தக்க அளவைத் தாண்டுகிறது. எந்தப் பொருளை நீக்குவதற்காக அக்கருவி வாங்கப்பட்டதோ, அதையே அந்த வால்வு திரும்பச் சேர்க்கிறது. ஃபுளோரைடு உறுதிப்பட்ட நீருக்கு இவ்வால்வு முழுதும் மூடப்பட்டிருக்க வேண்டும். தாதுக்கள் வேண்டுமெனில், சவ்வுக்குப் பின்னால் பொருத்தும் தாதுக் குப்பியும், அதைவிட முதன்மையாகக் கேழ்வரகும் கீரையும் பாலும் அவற்றைத் தரும்.

சமையலையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். அரிசியும் பருப்பும் வேகும்போது நீரை உறிஞ்சுகின்றன. உறிஞ்சும் நீரிலுள்ள ஃபுளோரைடு சோற்றில் தங்குகிறது. குடிக்க மட்டும் தூய நீர், உலைக்குப் போர் தண்ணீர் என்னும் வழக்கம் பாதுகாப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவுமாக நாளொன்றுக்கு 20 லிட்டர் எனக் கொண்டால், நான்கில் ஒரு பங்கை மட்டும் தூய நீராகத் தரும் வழக்கமான கருவி 60 லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். ஓர் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 22,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் இரண்டுக்குச் சற்றே குறைவு. மழையை நம்பிய பாறை விரிசல்களிலிருந்து எடுத்த நீர் அது; ஆற்று நீரையும் இதே கருவிக்குள் செலுத்தினால், மின்சாரம் செலவிட்டு மலையேற்றிய காவிரியின் முக்கால் பங்கு சாக்கடைக்குப் போகிறது.

கழிவை அறவே இல்லாமல் செய்ய முடியாததற்கும் வேதியியலே காரணம். டி.டி.எஸ். 1,000 உள்ள நீரில் கால் பங்கைத் தூய நீராகப் பிரித்தால், எஞ்சிய முக்கால் பங்கின் டி.டி.எஸ். ஏறத்தாழ 1,330 ஆகும். முக்கால் பங்கைப் பிரித்தால், எஞ்சிய கால் பங்கில் அது 4,000ஐ நெருங்கும். அச்செறிவில் கால்சியம் கார்பனேட்டும், கிரானைட் நிலத்து நீரில் மிகுந்துள்ள சிலிக்காவும் சவ்வின் மேலேயே படியத் தொடங்கும். பெரிய தொழிற்சாலைகள் படிவுத் தடுப்பு மருந்தும் அடுத்தடுத்த சவ்வு நிலைகளும் கொண்டு, தூய நீராக மீட்கும் அளவை உயர்த்துகின்றன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பின், கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை நோக்கி அவ்வாலைகள் நகர்ந்தபோது, சவ்வு பிரித்த உப்பு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் செலவே அவற்றின் பெருஞ்சுமையாயிற்று. உப்பு எங்கும் மறைவதில்லை. சவ்வு அதை இடம் மாற்றுகிறது.

ஆகவே வீட்டுக் கழிவு நீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் ஃபுளோரைடு 2 மில்லிகிராம் உள்ள நீரின் கழிவில் அது 2.6 மில்லிகிராமாக இருக்கும் என்பதால், எல்லையோரக் கிராமங்களில் இன்னும் மாடு வளர்க்கும் வீடுகள் அதைத் தொட்டியில் ஊற்றலாகாது. ஃபுளோரைடு கால்நடைகளின் பல்லையும் எலும்பையும் அதே வழியில் தாக்குகிறது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. காவிரி நீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்காதபடி, அடுக்குமாடியில் குடிநீருக்கெனத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் அமைத்தால், ஆற்று நீருக்கு மிகப் பெரும்பாலும் கரிக்குப்பியும் புறஊதா விளக்குமே போதுமானவை. கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஆய்வு செய்துகொள்ளலாம். விரிசல்களின் நீர்மட்டம் மழைக்குப் பின்னும் கோடையிலும் வேறுபடுவதால், இரு பருவங்களிலும் ஆய்வு தேவை. பேனா அளவிக்கும் உரிய இடம் உண்டு. கருவிக்குள் நுழையும் நீரையும், கலக்கும் வால்வை மூடிய நிலையில் சவ்வைக் கடந்து வரும் நீரையும் மாதந்தோறும் அளந்து, இரண்டாவது எண் முதலாவதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்று பார்த்தால், சவ்வின் நலம் தெரியும். அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும்போது, நீரின் சுவை மாறாமல் இருந்தாலும், ஃபுளோரைடும் கூடவே கசியத் தொடங்கியிருக்கும், சவ்வை மாற்றும் நேரமும் வந்திருக்கும்.